கை பட்டால் வாரண்டி போச்சு

"வெளியாளு கை பட்டுடுச்சி சார். இனிமே வாரண்டி கெடையாது."

ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் எங்க மாமாவிடம் இப்படிச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். 'சார்' போட்டுத்தான் சொன்னான். மாமாவுக்கு அறுபத்திரண்டு வயசு. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதே பேச்ச நான் சின்னப் புள்ளையில டீக்கடையில கேட்டிருக்கேன்டா. அப்ப நம்ம கை பட்டா தீட்டு. இப்ப நம்ம கை பட்டா வாரண்டி போச்சு."

மாமா செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். கடனில் வாங்கிய கார். தவணை இன்னும் முடியவில்லை. ஒருநாள் காலையில் இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். ஒயரிங் மொத்தத்தையும் மாற்ற வேண்டும், 38 ஆயிரம் ஆகும் என்றார்கள். வாரண்டியில் வராதா என்று கேட்டதற்கு, எலி கடித்ததெல்லாம் வராது என்று பதில். மாமா வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து எங்க அண்ணன் ஷெட்டில் நிறுத்தினார். அண்ணன் சாயங்காலம் வரைக்கும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், எலி கடித்த இரண்டு இடத்தைக் கண்டுபிடித்து, ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றி, குழாய் மாட்டிவிட்டான். சாமானும் கூலியும் சேர்த்து 600 ரூபாய். வண்டி ஓடியது.

மூன்று மாதம் கழித்து ஏசி கம்ப்ரசர் போனது. அந்த ஒயருக்கும் ஏசிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பானெட்டைத் திறந்து டேப்பைப் பார்த்ததும் அந்தப் பையன் சொன்ன வார்த்தைதான் மேலே இருப்பது.

தீட்டும் வாரண்டியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. தீட்டு ஆளைக் கொன்றது, ஊரை எரித்தது. வாரண்டி காசைத்தான் பிடுங்குகிறது. ஆனால் மாமா சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரு பொருளை யார் தொடலாம், யார் தொடக்கூடாது, தொட்டவனுக்கு என்ன கூலி என்பதைத் தொடுகிறவன் எந்தக் காலத்திலும் தீர்மானித்ததில்லை. பழுது பார்த்த கையின் வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

*

செஞ்சிக் கோட்டைக்கு மூன்று மலை என்று எல்லோரும் சொல்வார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்தாலும் இந்த மூன்றைத்தான் கைகாட்டுகிறார்கள். நாலாவதாகச் சின்னதாக ஒரு மலை இருக்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். 'சமார் டிக்ரி' என்றும் அதை எழுதியிருக்கிறார்கள். இரண்டு பெயருமே தோல் வேலை செய்தவரின் சாதியைச் சொல்கிற பெயர்கள். ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை, செருப்புத் தைத்தவனுக்கு ஒரு குன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். பத்திரிகைகளில் பெரிய படம் போட்டார்கள். படத்தில் இருந்தது ராஜகிரி.

1677-இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1690-இலிருந்து 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் இதை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1714-இல் தேசிங்கு செத்தான். அவன் குதிரையைப் பற்றி இன்றைக்கும் கதை சொல்கிறார்கள், கூத்துக் கட்டுகிறார்கள். குதிரைக்குச் சேணம் யார் தைத்தது? எட்டு வருஷ முற்றுகையில் கடிவாளம் ஒருமுறைகூட அறுந்திருக்காதா? தண்ணீர் சுமந்த தோல் பை கிழிந்திருக்காதா? முரசுக்குத் தோல் யார் போட்டார்கள்? ராஜா செத்த வருஷம் எழுதியிருக்கிறது. வாரைத் தைத்துக் கொடுத்தவன் இருந்ததற்கு அந்தக் குன்றின் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் அவன் பெயரில்லை, சாதிப் பெயர்.

கோட்டையை விட்டுக் கீழே இறங்கினால் வயல். மின்சாரம் வருவதற்கு முன்னால் இந்தச் சீமையில் கிணற்றுத் தண்ணீர் கவலையில்தான் ஏறியது. மாடு சரிவில் இறங்கும், சால் மேலே வரும். இரும்புச் சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் தொங்கும். அது கிழிந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே கிணற்றுக்குள் ஊற்றிவிடும். பயிர் காயும். அந்தத் தோலைத் தைக்கிற வேலை எங்க தாத்தாவுடையது.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து கூப்புடுவாங்க" என்று பாட்டி சொல்லும். "டேய்ன்னுதான் கூப்புடுவாங்க. உங்க தாத்தா 'தோ வந்துட்டேன் ஆண்டே'ன்னு ஊசிய எடுத்துகினு ஓடுவாரு. கெணத்து மேட்டுல ஒக்காந்து தைப்பாரு. தச்சி முடிச்சப்புறம் அந்தத் தோலு மேல வர்ற தண்ணியக் கையால அள்ளிக் குடிக்கக் கூடாது. எவனாவது மேல நின்னு ஊத்துனாத்தான்."

இதைத்தான் நான் யோசிக்கிறேன். தோலைத் தொட வேறு ஆளுக்கு அனுமதி இல்லை, தாத்தாதான் தொட வேண்டும். தொட்டு முடித்ததும் அதே தோல் வழியாக வருகிற தண்ணீரைத் தாத்தா தொடக்கூடாது. வேலை தெரிந்த கை அவருடையது. கூலி எவ்வளவு என்று சொல்கிற வாய் அவருடையது இல்லை. களத்தில் நெல் அடித்த பிறகு இத்தனை மரக்கால் என்று அளந்து போடுவார்கள். அளக்கிறவன் கை எப்படியோ அப்படி. அந்தக் காலத்தில் கிராம வேலைக்காரர்களுக்குக் களத்தில் அளந்த தானியப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'. ஆங்கிலேயர் ஆவணங்களிலும் அந்தப் பெயர்தான் பதிந்திருக்கிறது. நம்ம ஆட்களுக்கு 1947-க்கு முன்னாலேயே சுதந்திரம் கொடுத்துவிட்டார்கள், மரக்காலில்.

சாதி என்பது வேலையை மட்டும் பிரித்து வைக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்கிவைத்தது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். தாத்தா அதைப் படித்தவர் இல்லை. கிணற்று மேட்டிலேயே தெரிந்துகொண்டவர்.

*

பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, கரண்டு மோட்டார் வந்தது. கவலை நின்றது. தோல் வேலையும் போனது. தாத்தாவுக்குப் பிழைப்புப் போன வருத்தம் இருந்ததா என்று பாட்டியைக் கேட்டேன். "போவுது சனியன்னு சொன்னாரு" என்றது.

மோட்டார் வண்டி வந்த காலத்தில் நம்மை அதில் ஏற்றவே மாட்டோம் என்றவர்கள் உண்டு. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. பெட்ரோலில் ஓடுகிற வண்டிக்கும் தீட்டு ஒட்டியிருந்தது.

ஆனால் அந்த வண்டி கெட்டுப்போன இடத்தில் வேறொன்று நடந்தது. மோட்டார் பழுது பார்க்கிற வேலைக்கு மனுவில் பெயர் இல்லை. அதற்கென்று ஒரு சாதி இல்லை. தெரிந்தவன் செய்தான், தெரியாதவன் பார்த்துக் கற்றுக்கொண்டான். எங்க அண்ணன் 1988-இல் திண்டிவனத்தில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தபோது அவனுக்கு வயசு பதிமூன்று. ஒரு வருஷம் டீ வாங்கி வந்தான், டீசலில் போல்ட்டு நட்டுக் கழுவினான். இரண்டாம் வருஷம் ஸ்பேனர் நம்பர் கேட்டால் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தான். மூன்றாம் வருஷம் வண்டிக்கு அடியில் படுத்தான். எழுதப் படிக்கச் சரியாக வராத பையன் காதை வைத்தே டேப்பெட் சத்தமா, பேரிங் சத்தமா என்று சொன்னான்.

அவன் கற்றுக்கொண்ட வண்டிகள் அப்படிப்பட்டவை. அம்பாசடர் கார் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை இந்த நாட்டில் தயாரானது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர், எது எங்கே போகிறது என்று விரலை வைத்துக்கொண்டே போகலாம். சாமான் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால் லேத்துக் கடையில் கடைந்துகொள்ளலாம். வண்டி வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு டிரைவரும் பாதி மெக்கானிக். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது, பிளாட்டினம் பாயிண்டுக்கு உப்புத்தாள் போடுவது, ஃபேன் பெல்ட் மாற்றுவது எல்லாம் ரோட்டோரத்தில் தாங்களே செய்துகொண்டார்கள்.

2001-இல் அண்ணன் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டான். தாத்தாவை நடு ராத்திரியில் 'டேய்' என்று கூப்பிட்ட வீட்டுப் பேரன் ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். "மெக்கானிக்கண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே" என்றான். அண்ணன் பார்த்தான். எவ்வளவு என்று கேட்டபோது தொகையை அண்ணன் சொன்னான். அவன் கொடுத்தான்.

எங்க வீட்டு வரலாற்றில் வேலைக்கு விலையை நாங்களே சொன்ன முதல் தலைமுறை இதுதான். இதை நான் பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள், அளந்து போட்ட நெல்லை முந்தானையில் வாங்கிய பாட்டியைக் கேளுங்கள்.

*

ஷெட்டைச் சொர்க்கம் என்று எழுதினால் அது பொய். பதிமூன்று வயசுப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும். அவன் முதுகில் ஸ்பேனரால் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த ஷெட்டிலேயே டீ வரும்போது அவனுக்குத் தனி டம்ளர். கிரீஸ் எல்லோர் கையையும் ஒரே கறுப்பாக்கியது உண்மை. கை கழுவியதும் சாதி திரும்பி வந்ததும் உண்மை. ஏமாற்றுகிற மெக்கானிக்கும் உண்டு. டூப்ளிகேட் பிரேக் ஷூவை ஒரிஜினல் விலைக்குப் போட்டு ஆளைச் சாகடிக்கிறவன் நம் ஆளாக இருந்தாலும் அயோக்கியன்தான்.

அதேபோல, சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிறவர்கள் எதிரிகளும் இல்லை. பில்லில் 'லேபர்' என்று ஒரு வரி இருக்கும். மாமாவுக்கு ஏசி வேலைக்கு அந்த வரியில் மட்டும் 4,200 ரூபாய் போட்டிருந்தார்கள். வேலை மூன்று மணி நேரம். செய்தவன் எங்க காலனிக்குப் பக்கத்துக் காலனிப் பையன், ஐடிஐ படித்தவன், காண்டிராக்டில் இருக்கிறான். அவனுக்கு ஒருநாள் முழுக்கச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். 420 என்றான். மூன்று மணி நேரத்துக்கு வண்டிக்காரனிடம் வாங்கியதில் பத்தில் ஒரு பங்கு, அவனுக்கு ஒருநாள் கூலி. மரக்கால் மாறியிருக்கிறது. அளக்கிறவன் கை மாறவில்லை.

*

வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் கதவு மூடியது. புகைக் கட்டுப்பாடு தேவைதான், அதை யாரும் குறை சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டூவீலரில்கூடக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. எந்த சென்சார் என்ன சொல்கிறது என்று தெரிய ஸ்கேனர் வேண்டும். அண்ணன் கடன் வாங்கி ஒன்று வாங்கினான். அது கோளாறு நம்பரைக் காட்டுகிறது. ஆனால் டீசல் வண்டிக்குப் புது இன்ஜெக்டர் போட்டால் அதன் குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். புதுச் சாவி போட்டாலும் வண்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளில் அதற்கு அந்தக் கம்பெனியின் கருவியும் பாஸ்வேர்டும் வேண்டும். கையில் வேலை இருக்கிறது, திறக்கச் சாவி இல்லை.

இது அண்ணன் ஒருத்தன் புலம்பல் இல்லை. 2011 ஜனவரியில் ஷம்ஷேர் கடாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய கார் கம்பெனிகள் உதிரிபாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச் சந்தையில் விடுவதில்லை என்பது புகார். விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடியே 65 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் உத்தரவு போட்டது. டாடாவுக்கு மட்டும் 1,346 கோடி. மாருதிக்கு 471 கோடி.

அந்த உத்தரவில் வெளிவந்த விஷயங்களைச் சாதாரண ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாகம் செய்து கொடுக்கிற கம்பெனி அதை நேராக வெளிக்கடைக்கு விற்கக்கூடாது என்று கட்டிப்போட்டிருந்தார்கள். அதனால் விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடிந்தது. அடக்க விலைக்கு மேல் 100 சதவீதத்துக்கும் அதிகமாக வைத்திருந்தார்கள், சில பாகங்களுக்கு 5,000 சதவீதத்தை நெருங்கியது. வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனையும் வண்டிக்காரனை அங்கேயே கட்டிவைக்கிற கயிறுதான் என்று ஆணையம் கண்டது.

கம்பெனிகள் சொன்ன சமாதானங்கள் இரண்டு. ஒன்று, இது எங்கள் அறிவுச் சொத்து. இரண்டு, பயிற்சி இல்லாத கை பட்டால் ஆபத்து. இரண்டாவதைக் கவனியுங்கள். கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டு, உனக்குத் தெரியாது அதனால் தொடாதே என்கிற இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? படிக்கவிடாமல் வைத்துவிட்டு, படிக்காதவன் என்று சொன்னவர்களிடம் கேட்டிருக்கிறோம்.

ஆணையம் அதை ஏற்கவில்லை. பாகங்களையும் கருவிகளையும் வெளியில் விற்க வேண்டும், வெளி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்ய வேண்டும், வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது என்றது. வெளியில் செய்த தப்பான வேலையால் ஒரு கோளாறு வந்தால் அந்தக் கோளாறுக்கு மட்டும் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒயரில் டேப் ஒட்டியதற்காக ஏசிக்கு வாரண்டி இல்லை என்றது நியாயமில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் தப்பு தப்புதான் என்றது. ஆனால் அபராதத்தைக் கம்பெனியின் மொத்த வியாபாரத்தில் கணக்கிடாமல் உதிரிபாக வியாபாரத்தில் மட்டும் கணக்கிடச் சொல்லிக் குறைத்துவிட்டது. மாமா மாதிரி ஆளுக்கு இந்தத் தீர்ப்பு ஒன்றும் காதுக்கு வந்து சேரவில்லை. அந்த கவுன்ட்டருக்கும் வந்து சேரவில்லை.

வெளிநாட்டிலும் இதே சண்டைதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில ஜனங்கள் 2012-இல் ஓட்டுப் போட்டு, கார் பழுது பார்க்கும் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரவு. 2025 ஜனவரியில் அந்நாட்டின் வர்த்தக ஆணையம் ஜான் டீர் டிராக்டர் கம்பெனி மீது இதே மாதிரி வழக்குப் போட்டது. செஞ்சி வட்டாரத்து டிராக்டர்காரர்களும் கவனிக்க வேண்டிய சங்கதி. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டு, அந்த டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. இணையதளம் திறப்பதும் பூட்டைத் திறப்பதும் ஒன்றல்ல.

*

மாமாவைக் கூட்டிக்கொண்டு நான் மறுபடியும் அந்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மூன்று விஷயம் கேட்டோம். கம்ப்ரசர் கெட்டதற்கும் ஒயர் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். எந்த விதிப்படி வாரண்டி ரத்து என்று காட்டுங்கள். எழுதிக் கொடு என்றதும் பேச்சு மாறியது. மானேஜர் வந்தார். கம்ப்ரசர் காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முழுசும் கிடைக்கவில்லை. மாமா 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்திலும் பதிந்திருக்கிறார். என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் ஷெட்டில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்தக் கோளாறு நம்பர் வந்தது, கடைசியில் காரணம் என்னவாக இருந்தது என்று தேதி போட்டு எழுதிவைக்கிறான். எழுத வராதவன் நாற்பத்தைந்து வயசுக்கு மேல் எழுதுகிறான். பிழை இருக்கும், படிக்க முடியும். சாயங்காலம் காலனிப் பையன்கள் இரண்டு பேர் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேரும் பிளஸ் டூ முடித்தவர்கள். படிப்பு முடிக்காமல் வரக்கூடாது என்பது அண்ணன் போட்ட விதி.

நாம் கேட்பது தானம் இல்லை. கம்பெனி தன் புத்தகத்தைத் திறக்கட்டும், கருவிக்கு நியாயமான விலை வைக்கட்டும், பயிற்சியைக் காசுக்கே கொடுக்கட்டும். ஐடிஐகளிலும் அந்தக் கருவிகள் வரட்டும். பிறகு யார் கை நல்ல கை என்பதை வண்டி சொல்லும். சாதிப் பெயர் ஒட்டாமல் நமக்குக் கிடைத்த தொழில்கள் குறைவு. அதில் ஒன்றைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிறபோது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த முறை செஞ்சிக்கு வந்தால் ராஜகிரியில் ஏறுங்கள், நன்றாக இருக்கும். இறங்கியதும் அந்த நாலாவது குன்று எங்கே என்று யாரையாவது கேளுங்கள்.